ஊசி போட்ட ராஜா

பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் சித்தேரிப்பட்டில் நாய்கள் நாற்பதுக்குக் குறையாது. வெறி பிடிக்காமல் இருக்க ஊசி போட்ட நாய் மட்டும் ஒன்றே ஒன்று. அது பெரிய வீட்டு மிராசுதார் சுப்பராயலுவின் நாய் ராஜா. செம்பழுப்பு நிறம், கழுத்தில் வெள்ளை. ஊசி போட்டதற்குச் சாட்சியாகப் பிரெஞ்சில் எழுதி முத்திரை குத்திய காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார் மிராசு. கொம்மூன் என்கிற பிரெஞ்சு ஊராட்சித் தேர்தலுக்கு நிற்கப் போகிறவர் அவர். நாய்க்கே இவ்வளவு செய்கிறவர் ஊருக்கு எவ்வளவு செய்வார் என்று நாலு பேர் பேச வேண்டாமா?

இதில் ஒரே ஒரு குறைதான். ராஜா அந்த ஊசியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சர்க்கார் மருந்துசாலை இரண்டு மைல் தள்ளி இருந்தது. வண்டியில் ஏற்றப் போன பண்ணையாள் வீரப்பனின் வேட்டியை ராஜா இரண்டாகக் கிழித்துவிட்டது. மருந்துசாலை கம்பவுண்டர் இன்னாசிமுத்துவுக்கோ நாய்க்குட்டி என்றாலே நாக்கு உலர்ந்துவிடும். "நாய் எதுக்குங்க வரணும்? அடையாளத்தைச் சொல்லுங்க, போதும்" என்று அவரே எழுதி, அவரே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். செத்துப்போனவனெல்லாம் தேர்தலன்று எழுந்து வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிற சீமையில், நாய் வராமலேயே நாய்க்கு ஊசி விழுந்தது பெரிய அதிசயமா என்ன? ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். தெரியும் என்பது மட்டும் மிராசுக்குத் தெரியாது.

அந்த ராஜாதான் புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பவுனம்மாளின் கெண்டைக்காலைக் கவ்வியது.

பவுனம்மாள் நடவுக்கு ஆள் கூட்டுகிறவள். அவள் குரல் கொடுத்தால் இருபத்திரண்டு பெண்கள் சேற்றில் இறங்குவார்கள். அவள் இடுப்பை நிமிர்த்தினால் இருபத்திரண்டு இடுப்பும் நிமிரும். வாய் நீளம், கை அதைவிட வேகம். நாற்று பிடுங்கியாகிவிட்டது என்று சொல்லத்தான் அன்று பெரிய வீட்டுக் கொல்லைக்குப் போனாள். வழக்கமாக அவள் கொண்டுவரும் மீன் தலைக்கு வாலை ஆட்டிக்கொண்டு வரும் நாய், அன்று ஒரு குரைப்புகூட இல்லாமல் ஓடிவந்து கடித்துவிட்டு, கடித்ததை மறந்துபோனது போல மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த நிற்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய அண்ணன் ஒருவன் நாய்க்கடியில் செத்தவன். கடிபட்டு நாற்பது நாள் நன்றாகத்தான் இருந்தான், ஏர் ஓட்டினான், கூத்துப் பார்க்கப் போனான். அப்புறம் ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்து அலறினான். தாகம் தாகம் என்று கத்தினான், சொம்பை வாய்க்குக் கொண்டுபோனால் தொண்டை இழுத்துக்கொண்டது. மூன்று நாள். அப்போது பவுனம்மாளுக்குப் பத்து வயது. அந்தச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

ஆகவே கனகாம்பாள், அதாவது மிராசின் சம்சாரம், கடிவாயில் அப்பச் சொல்லி மிளகாய்த்தூள் கொண்டுவந்தபோது, "அத்த கொழம்புல போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கிணற்றடியில் காலை நன்றாகக் கழுவிக்கொண்டு நேரே மருந்துசாலைக்கு நடந்தாள். புருஷன் செல்லக்கண்ணு பின்னாலேயே ஓடிவந்தான். நெட்டப்பாக்கத்தில் வேர் கட்டுகிற மந்திரக்காரர் ஒருவர் இருக்கிறாராம், கைகண்ட வேராம்.

"கட்டட்டும்யா. வேரு கையில கட்றது, ஊசி வயித்துல போட்றது. ரெண்டுக்கும் இன்னா சண்டையா வரப் போவுது?" என்றாள். நடையை மட்டும் நிறுத்தவில்லை.

அவளுடைய நல்ல காலம், பத்து நாளைக்கு ஒருமுறை புதுச்சேரியிலிருந்து வரும் டாக்டர் அன்று மருந்துசாலையில் இருந்தார். காரைக்காலிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இளவயதுக்காரர். சட்டம் என்றால் சட்டம், நேரம் என்றால் நேரம். முதல் ஊசியை அவரே தொப்புளுக்குப் பக்கத்தில் போட்டார். அதற்குள் செய்தி கேள்விப்பட்டு மிராசும் வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கையில் கண்ணாடிச் சட்டம்.

"எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்குதுங்க. பாருங்க, காகிதம். அதுக்கு வெறி புடிக்கவே புடிக்காது."

டாக்டர் காகிதத்தைப் படித்தார். முகம் மலர்ந்தது. "நாய்க்கு ஊசி போட்ட மிராசுதாரை இந்தப் பக்கத்தில் இப்பத்தான் பார்க்கிறேன்" என்று எழுந்து கைகுலுக்கினார். பக்கத்தில் நின்றிருந்த இன்னாசிமுத்து மேல்கூரையில் ஏதோ பல்லியைத் தேடினார்.

"ஆனாலும் சட்டம் ஒன்று இருக்கிறது" என்றார் டாக்டர். "நாயைக் கட்டிப் போடுங்க. பத்து நாள் அது நல்லபடியா இருந்தா, கடிச்சப்ப அதுக்கு வெறி இல்லைன்னு அர்த்தம். ஊசியை நிறுத்திடலாம். நடுவுல செத்துட்டா, இல்ல ஓடிப்போயிட்டா, இந்தம்மாவுக்குப் பதினாலு ஊசியும் போட்டே ஆகணும். ஒண்ணு குறைஞ்சாலும் போட்டது வீண். அதுவரை கம்பவுண்டர் தினமும் வந்து பார்த்து எழுதிவைப்பார். பத்தாம் நாள் நானே வந்து நாயைப் பார்க்கிறேன்."

பவுனம்மாள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள். நாய் இருந்தால் பத்து, செத்தால் பதினாலு.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் அவளுக்கு இரண்டு வேலை. முதலில் மருந்துசாலைக்குப் போய் இன்னாசிமுத்து கையால் ஊசி போட்டுக்கொள்வது. திரும்பும் வழியில் பெரிய வீட்டுக் கொல்லைப் படலுக்கு மேலாக ராஜாவை எட்டிப் பார்ப்பது. தன் உயிர் அந்தக் கயிற்றில்தான் கட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டாம் நாள் ராஜாவுக்குக் கீழ்த்தாடை தொங்கியது, வாயிலிருந்து நூல் நூலாக ஒழுகியது. மூன்றாம் நாள் படலைச் சாத்தி, உள்ளே முள் அடைத்திருந்தார்கள். நாலாம் நாள் படல் திறந்திருந்தது. ராஜா நாலு காலில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியாடி?" என்றார் கொல்லை வாசற்படியிலிருந்தே மிராசு. அதற்குமேல் ஒரு அடி அவர் எடுத்து வைக்கவில்லை. "கல்லுக்குண்டு மாதிரி நிக்குது. ஊசி போட்ட நாய்டி அது. பத்தாம் நாளோட உன் வயித்துக் குத்தலும் தீர்ந்துடும். விடியகாலம் மருந்துசாலைக்கு ஓடிட்டு, பொழுது ஏறி வயலுக்கு வர்ற சோலியும் தீர்ந்துடும்."

பவுனம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. அண்ணன் போன வழியில் தான் போகப் போவதில்லை. மடியிலிருந்த மீன் தலையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். நாய் அதை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, அன்பு தாங்காமல் மல்லாந்து படுத்துக் காலை உயர்த்தியது.

பவுனம்மாள் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். ராஜா பொட்டை. சும்மா பொட்டை இல்லை, நிறைசூலி. மடிக்காம்பெல்லாம் சிவந்து தடித்திருந்தன.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மாட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. இது ராஜா இல்லை என்றால் ராஜா எங்கே? ஒழுகின வாயோடு இருந்த ராஜா செத்துப்போயிற்று. செத்தால் பதினாலு. பத்தோடு நிறுத்தினால் நாற்பதாம் நாள் தன் கையிலும் யாராவது சொம்பைக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு நிற்பார்கள். படுபாவி, ஒரு கண்ணாடிச் சட்டத்துக்காக என்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று மனசு கொதித்தது.

கொதித்தபடியே மருந்துசாலைக்குத் திரும்பி நடந்தாள். இன்னாசிமுத்து அப்போதுதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்.

"ஐயா, பெரிய வூட்ல கட்டியிருக்கறது ராஜா இல்ல. அது பொட்ட நாயி."

இன்னாசிமுத்துவுக்கு இட்லி நடுவழியில் நின்றது. பிறகு சமாளித்துக்கொண்டு, "காகிதத்துல ஆண் நாய்னு இருக்குதும்மா" என்றார்.

"காயிதத்துல இருக்குதுங்க. நாயில இல்ல."

"நான் தெனமும் வந்து பாத்துட்டுத்தானே எழுதறன்? நெறம் பழுப்பு, கழுத்து வெள்ளை, ஒடம்பு சுகம். எல்லாம் சரியா இருக்குது."

"நீங்க புளியமரத்தாண்ட நின்னு பாக்கறீங்க. கிட்ட வந்து குனிஞ்சு பாருங்க."

"வெறிநாய்கிட்டப் போய் எவன் குனிவான்?"

"அப்ப வெறிநாய்தானா அது?"

இன்னாசிமுத்து இட்லிப் பொட்டலத்தை அவசரமாக மடித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் பவுனம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ராஜா செத்தது வெளியே தெரிந்தால் காகிதம் பொய் என்று தெரியும். காகிதம் பொய் என்றால் எழுதிய கைக்கு வேலை போகும். மிராசுக்கு மானம், இவருக்குச் சோறு. இரண்டுக்கும் நடுவில் தன் உயிர். மிராசிடம் போய் நாயை மாற்றச் சொல்லவும் இவருக்குத் துணிச்சல் வராது. மிராசு நடவு நட ஆளை மாற்றினாலும் மாற்றுவார், சொன்னதை மாற்றமாட்டார்: அது ராஜாதான், ஆரம்பத்திலிருந்தே அது பொட்டைதான் என்று சாதித்துவிடுவார். அவருக்கு எதிராக வாயைத் திறக்க ஊரில் எவன் இருக்கிறான்? நடவுக் காலத்தில் எல்லா வாயும் அவர் போடும் கூழுக்குத்தான் திறக்கும்.

மனுஷன் சாட்சி சொல்லமாட்டான், நாய் சொல்லட்டும் என்று முடிவு கட்டினாள்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிரசவம் பார்த்த கை அவளுடையது. மறுநாள் மீன் தலையோடு போய், நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். குட்டிகள் இறங்கியிருந்தன. நாலு நாள், மிஞ்சினால் ஆறு நாள். இங்கேதான் சிக்கல். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ குட்டி போட்டுவிட்டால், குட்டிகளைப் பார்த்துவிட்டு மிராசு வேறொரு பழுப்பு நாயைப் பிடித்து வந்து கட்டிவிடுவார். பழுப்பு நாய்க்கா பஞ்சம்? பதினோராம் நாள் போட்டால், டாக்டர் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு, ஊசியை நிறுத்திவிட்டுப் போயிருப்பார். ஒன்பதாம் நாள் மாலைக்கு முன்னாலும் கூடாது, பத்தாம் நாள் காலைக்குப் பின்னாலும் கூடாது. பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் இப்படி நாள் பார்த்ததில்லை.

"தாயி, அவசரப்படாத. நானும் அவசரப்படல" என்று நாயின் காதில் சொல்லிவிட்டு வருவாள். அங்காளம்மனுக்கு ஒரு சேவலும் நேர்ந்துகொண்டாள்.

ஏழாம் நாள் கொட்டகையில் வீரப்பன் சாணி அள்ளிக்கொண்டிருந்தான். முப்பது வயது, பனைமரம் போல உடம்பு, மிராசு இருமினால் நடுங்கும் மனசு.

"இந்த ராசாத்திய எந்தூர்ல புடிச்சே?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

வீரப்பன் கையிலிருந்த கூடை விழுந்தது. இங்கும் அங்கும் பார்த்தான். "அக்கா, சத்தம் போடாத. ஏம்பலத்துல எங்க மச்சான் வூட்டு நாயி. பொழுது சாயற நேரத்துல, தலையில சாக்கைப் போட்டு இட்டாந்தன். நெறத்தப் பாத்தன், கழுத்து வெள்ளையப் பாத்தன். அதுக்கு மேல பாக்கல."

"ஐயா பாக்கலியா?"

"அவரு படியத் தாண்டினாத்தானே?"

"செத்தத நீதான் பொதைச்சியா?"

"ரெண்டு கையாலயும் தூக்கினுபோயிப் பொதைச்சன்."

"கையில முள்ளுக் கீறல் இருக்குதே. அதும் வாயி நுரை இதுல பட்டுதா?"

வீரப்பன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படல் அடைத்த முள்ளின் கோடுகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. பனைமரம் அப்படியே குந்திவிட்டது.

"அழாதடா. உனுக்கும் ஊசி இருக்குது. ஆனா ராஜா செத்துச்சுன்னு டாக்டருக்குத் தெரிஞ்சாத்தான் உனுக்குப் போடுவாரு."

"நான் சொன்னா ஐயா என் தோல உரிச்சிடுவாரு, அக்கா."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்ல வேண்டியவ வயித்துல வச்சினு இருக்கா. அவ சொல்றவரைக்கும் நீ வக்கோலைக் கொஞ்சம் தூக்கலாப் போடு, அது போதும்."

எட்டாம் நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் மத்தியானம் நாய் சோற்றை மோந்து பார்த்துவிட்டு விலகியது. வைக்கோலைக் காலால் பிறாண்டிக் குழி பறித்தது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பவுனம்மாளிடம் வீரப்பன் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது, அவள் குனிந்த இடுப்பை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் இருபத்திரண்டு பேரும் நிமிர்ந்து என்ன என்று கேட்பார்கள். "போயிப் பக்கத்துல இரு" என்று மட்டும் சொன்னாள். நாற்று கோணலாக விழுந்தது. அன்று அவள் நட்ட இரண்டு வரிசையைப் பார்த்தால் யாரும் அவளை நடவுக்குத் தலைமை தாங்கும் கொத்தாள் என்று சொல்லமாட்டார்கள்.

பொழுது இறங்கும்போது நாலு குட்டிகள். வீரப்பன் முன்னால் வைக்கோலை மலைபோலக் குவித்து, மேலே ஒரு சாக்கையும் போட்டான். வாசற்படியில் வந்து நின்ற மிராசு, "இன்னாடா, கீச்கீச்னு சத்தம்?" என்று கேட்டார்.

"எலிக்குஞ்சுங்க."

"நாய் எங்க?"

"வக்கோல்ல படுத்துத் தூங்குதுங்க. தலை தெரியுது பாருங்க."

தலை தெரிந்தது. மிராசுக்கு அது போதும். நாளைக்கு டாக்டர் வருகிறார் என்று தலைப்பாகைக்குக் கஞ்சி போடச் சொல்லிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் காலையில் பெரிய வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னத் திருவிழாவே கூடிவிட்டது. மிராசு கஞ்சித் தலைப்பாகையோடு நின்றார். பக்கத்தில் தேர்தலில் அவருக்கு வேலை செய்யப் போகிற நாலைந்து பேர், கையில் கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு. கனகாம்பாள் கதவுக்குப் பின்னால். நடவுக்குப் போக வேண்டிய இருபத்திரண்டு பெண்களும் படலுக்கு வெளியே. பவுனம்மாள் முன்னால், அன்றைய ஊசி போட்டுக்கொள்ளாமலேயே வந்திருந்தாள். டாக்டர் பார்த்து முடிவு சொன்னால்தானே பத்தாவது ஊசி வேண்டுமா, வேண்டாமா என்று தெரியும்?

டாக்டர் சைக்கிளில் வந்தார். இன்னாசிமுத்து பின்னால் ஓட்டமும் நடையுமாக.

"அதோ பாருங்க, ராஜா" என்றார் மிராசு. "பத்து நாளா ஒரு தும்மல் கெடையாது. நம்ம ஊசி மருந்து நல்ல மருந்துங்க. நான் சொல்றன், இந்தக் கொம்மூன்ல இருக்கற அத்தனை நாய்க்கும்..." என்று தேர்தல் பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் கொட்டகைக்குப் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். நாய் வைக்கோலில் படுத்தபடி அவரைப் பார்த்து வாலை இரண்டு தட்டு தட்டியது. கண் தெளிவு, வாய் உலர்ந்திருந்தது, பக்கத்துச் சட்டியில் தண்ணீரைக் குடித்த அடையாளம். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நல்லா இருக்கிறது. அம்மா, உங்களுக்கு இனிமேல் ஊசி வேண்டாம்."

"பத்தோட போதும்னு நான் அன்னிக்கே சொன்னன்" என்றார் மிராசு.

பவுனம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள். குரல் நடவு வயலில் வருவது போலவே வந்தது. "எனுக்கும் சந்தோஷந்தாங்க, டாக்டர் ஐயா. ராஜாவை ஒரே ஒரு தடவை எழுந்து நிக்கச் சொல்லுங்க, கண்ணாறப் பாத்துட்டுப் போயிட்றன்."

அவள் மடியிலிருந்த மீன் தலையை நீட்டினாள். நாய் எழுந்தது. வைக்கோல் சரிந்தது. நாலு குட்டிகள் காம்பைக் கவ்வியபடி தொங்கின. அதில் ஒன்று தொப்பென்று விழுந்து, குருட்டுக் கண்ணோடு டாக்டரின் பூட்ஸை நோக்கி நகர்ந்து வந்தது.

டாக்டர் திரும்பி, கண்ணாடிச் சட்டத்தை வாங்கி, நிதானமாகப் படித்தார். "பெயர் ராஜா. ஆண். நிறம் பழுப்பு." நாயைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

மிராசு லேசுப்பட்ட ஆள் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்த ஊசி போட்டதுலேர்ந்தே இதுக்கு இப்படித்தாங்க... சீமை மருந்து, வேகம் ஜாஸ்தி."

படலுக்கு வெளியே யாரோ ஒருத்தி க்ளுக்கென்றாள். அவ்வளவுதான், இருபத்திரண்டு பேரும் வெடித்துவிட்டார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தக் கையெழுத்து யாருடையது?" என்று கேட்டார்.

"என்னோடதுதாங்க" என்றார் இன்னாசிமுத்து. "ஆனா அடையாளம் ஐயா சொன்னதுங்க."

"உங்களோடு அப்புறம் பேசுகிறேன். இந்தம்மாவைக் கடித்த நாய் எங்கே?"

அப்போதுதான் வீரப்பன் தடாலென்று டாக்டர் காலில் விழுந்தான். குட்டிக்கும் அவனுக்கும் நடுவே டாக்டருக்கு நகர இடமில்லை. "மூணாம் நாளே செத்துப்போச்சுங்க! நான்தாங்க பொதைச்சன்! கையெல்லாம் முள்ளுக்கீறல்ங்க, எனுக்கு ஊசி போடுங்க!"

"உனக்கும் போடுகிறேன், எழுந்திரு." டாக்டர் எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "வேறு யார் அந்த நாயைத் தொட்டது? வாயில் கை வைத்தது? வெட்கப்படாமல் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்த நோய் வந்துவிட்டால் அப்புறம் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. சாவுதான்."

"நம்ம வூட்ல யாரும் தொடலைங்க" என்றார் மிராசு.

கதவுக்குப் பின்னாலிருந்து கனகாம்பாள் அப்படியே வெளியே வந்துவிட்டாள். நாலு ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் அவள் வாய் திறந்ததை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. "பொய் சொல்லாதீங்க! தாடை தொங்குதே, தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சுன்னு மணிக்கட்டு வரைக்கும் கைய வுட்டுத் தேடுனீங்களே! பல்லு கீறி ரத்தம் வந்துச்சே! எந்தத் தேர்தலும் வேணாம், எம்மஞ்சக் குங்குமம் இருந்தாப் போதும். டாக்டரு, மொதல்ல இவருக்குப் போடுங்க!"

மிராசு தன் வலது கையை வேட்டிக்குப் பின்னால் மறைத்தார். டாக்டர் அதைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்தார். ஆறிக்கொண்டிருந்த இரண்டு கோடுகள். "எட்டு நாள் வீணாகிவிட்டது" என்றார். "இன்றைக்காவது ஆரம்பிக்கலாம். வண்டியைக் கட்டச் சொல்லுங்க."

மிராசின் வில்வண்டி அன்று போல் என்றும் நிறைந்ததில்லை. டாக்டரின் கட்டளைப்படி பவுனம்மாளும் அதில் ஏறினாள், வீரப்பன் ஓட்டினான். கனகாம்பாள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டி வயலோரம் போவதற்குள் குறுக்கே ஓடிப் போயிருந்த பெண்கள் சேற்றில் இறங்கி, பாட்டையே ஆரம்பித்துவிட்டார்கள். நடவுப் பாட்டில் யாரை வைத்துப் பாடினாலும் மிராசு கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"ஆம்பள ராசா மடியிலதான்
ஆளுக்கொண்ணா குடிக்குதடி,
ஊசி போட்ட காயிதத்துக்கு
ஒத்தடம் குடுக்க வாங்கடி!"

சுப்பராயலு தலைப்பாகையைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். குலவைச் சத்தம் வேலமரத் திருப்பம் வரை துரத்திக்கொண்டே வந்தது.

ஏம்பலத்து நாயை டாக்டர் மறக்கவில்லை. அடுத்தமுறை வரும்போது அதற்கு ஊசியை நிஜமாகவே போட்டு, புதுக் காகிதமும் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். கடனாக வாங்கிவந்த நாயை வட்டியும் குட்டியுமாகத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று வீரப்பன் அழுகைக்கு நடுவே சிரித்தான்.

மருந்துசாலையில் ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்தார்கள். முதலில் பவுனம்மாளுக்கு. பத்தாவது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். ஒன்பது குத்தலுக்கு அழாதவளுக்கு அந்தப் பத்தாவது குத்தலில் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. இது கடைசி இல்லை, இன்னும் நாலு பாக்கி இருக்கிறது, நான் இருப்பேன் என்ற நிம்மதி அது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்து மிராசு. மேஜைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து வேட்டியைத் தளர்த்தியதும், அந்த வயிறு வெயில் கண்ட நாளே இல்லை என்று தெரிந்தது. டாக்டர் மருந்தை ஏற்றிக்கொண்டே, "மருந்து வேகம் ஜாஸ்தின்னு சொன்னீங்களே, பயப்படாதீங்க. நீங்க குட்டி போடமாட்டீங்க" என்றார். ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் மிராசின் கண் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேடியது. இருந்தது பவுனம்மாள்தான்.

"பவுனு... வலிக்குமாடி?"

பவுனம்மாள் அவரை நன்றாகப் பார்த்தாள். பத்து நாளும் படியை விட்டு இறங்காமல் தன் உயிரை எட்டி நின்று பார்த்த மனுஷன். கோபம் இன்னும் அப்படியே இருந்தது. ஆனால் அந்தத் தொப்பை நடுங்குவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"வலிக்கும்ங்கய்யா. ரொம்பவே வலிக்கும். எனுக்குப் பத்தோட போதும்னு சொன்னீங்களே, உங்களுக்கும் பத்தோட நிறுத்தச் சொல்லட்டுங்களா?"

"வேணாம்டி" என்றார் சுப்பராயலு. குரல் அழுதது. "பதினாலும் போடச் சொல்லு."